நாம் சோங் ஆற்றில் அப்பாவுடன்

ஒலிபரப்பின்போது மூன்று வினாடி மௌனம் வந்தாலே எங்களுக்குக் கை நடுங்கும். அப்படிப்பட்ட நான், போன டிசம்பரில் லாவோஸ் நாட்டு ஆறு ஒன்றில், கேட்டால் மட்டுமே பேசும் ஒரு மனிதரோடு பாதி நாள் படகில் போனேன். அந்த மனிதர் என் அப்பா.

வாங் வியெங் போவது இப்போது சுலபம். கோலாலம்பூரிலிருந்து வியந்தியானுக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 2021 டிசம்பரில் சீன எல்லை வரை ரயில் பாதை திறப்பதற்கு முன், பழைய சாலையில் மூன்று நான்கு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போக வேண்டுமாம். வியந்தியான் ரயில் நிலையம் நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கிறது. கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

ஊரை ஒட்டி ஓடுகிறது நாம் சோங் ஆறு. லாவோ மொழியில் 'நாம்' என்றால் தண்ணீர். மறுகரையில் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. ஈப்போக்காரர்கள் "இது நம்ம ஊர்லயே இருக்கே" என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் அங்கே மலையடியில் நெடுஞ்சாலை, இங்கே ஆறு. ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுகிலும் மதுக்கூடங்கள். குடித்துவிட்டு ரப்பர் டியூபில் மிதந்த இளம் பயணிகள் பலர் இறந்துபோக, 2012இல் அரசு அவற்றில் பலவற்றை மூடியது. இப்போது குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன.

கயாக் பயணத்தை நான் பதிவு செய்தது எனக்கும் என் கணவருக்கும். முதல் நாள் இரவு சாப்பிட்ட எதுவோ அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் பசியாறும்போது அப்பா, "காசு கட்டியாச்சில்ல? மாப்பிள்ளை பாப்பாவோட ரூம்ல இருக்கட்டும். நான் வர்றேன்" என்றார்.

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எங்களை ஆற்றுப் பக்கமே விடாதவர் அவர். பள்ளிச் சுற்றுலா நீர்வீழ்ச்சிக்கு என்றால் கையெழுத்துப் போடமாட்டார். முப்பத்து நான்கு வயதாகியும் எனக்கு நீச்சல் தெரியாது என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

திறந்த வண்டியில் ஊருக்கு வடக்கே கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு குகைக் கோயில். அங்கே மணியாகத் தொங்கியது பழைய வெடிகுண்டு ஓடு. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்த நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் குண்டு போட்டன. அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்தார். "தோட்டத்துல பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டுல அடிப்பாங்க. இதே சத்தம்" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் வேகத்துக்கு, பின்னால் இருப்பவர் திசைக்கு. அப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டார். மழை ஓய்ந்த மாதம் என்பதால் தண்ணீர் பச்சையாக, பல இடங்களில் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. நான் பேசிக்கொண்டே போனேன். மலை, எருமைகள், மூங்கில் பாலம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் நேர்முக வர்ணனை. பின்னாலிருந்து துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது.

வளைவு ஒன்றில் ஒரு மரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. தடையில் மோதினால் அதை நோக்கிச் சாயுங்கள், விலகிச் சாய்ந்தால் படகு கவிழும் என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லியிருந்தார். கிளை முகத்துக்கு நேரே வந்தபோது நான் விலகித்தான் சாய்ந்தேன்.

நெஞ்சளவு தண்ணீர்தான். ஆனால் கால் தரையைத் தேடுகிற அந்த நேரத்தில் அது தெரியவில்லை. உயிர்காப்புச் சட்டையின் தோள்பட்டையை ஒரு கை பிடித்து இழுத்தது. மணல் திட்டில் உட்கார்ந்து இருமி முடித்த பிறகும் அந்தக் கை விடவில்லை.

"விடுங்கப்பா, ஒண்ணுமில்ல."

"அண்ணனையும் இப்படித்தாம்மா புடிச்சேன். சட்டை மட்டும் கையோட வந்திருச்சு."

"எந்த அண்ணன்?"

அப்பாவுக்கு ஓர் அக்கா மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம், பள்ளி விட்டு வந்த மதியம், முந்தின நாள் மழையில் கலங்கி ஓடிய ஆறு. அப்பாவுக்கு ஒன்பது வயது, பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு. நான்கைந்து வாக்கியங்களில் முடித்துவிட்டார். பெயரைக் கேட்டேன். சொன்னார். அது என் தம்பியின் பெயர்.

நேர்காணல் என்றால் அடுத்த கேள்வி என்னிடம் தயாராக இருக்கும். அன்று இல்லை. வழிகாட்டி எங்கள் படகைத் திருப்பித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே எழுந்து துடுப்பை எடுத்தார். ஊர் வரும்வரை நானும் பேசவில்லை. அப்போதுதான் கவனித்தேன், தண்ணீர் கூழாங்கல்லின் மேல் போகும்போது ஒரு சத்தம், மணலின் மேல் போகும்போது வேறு சத்தம்.

மதியச் சாப்பாடு, வாட்டிய கோழியும் ஒட்டும் அரிசிச் சோறும், மணல் ஒட்டிய கையோடு சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் முறை வாங்கினார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"பேப்பர்ல எழுதிக்க. ரேடியோவுல மட்டும் சொல்லாத. அத்தை தினம் காலையில ஒன்னைத்தான் கேக்குறாங்க."