மஞ்சள் பையும் மெய்நிகர் இயந்திரமும்

எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் பை உண்டு. யார் வீட்டுக் கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு வந்த பை. காட்டுப் பத்திரம், பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, பாட்டியின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான். நான் எட்டாவது படித்தபோது, கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். "என்னென்ன வேணும்?" என்று என் தந்தை கேட்டார். "பையோடு கொடுங்க, வேண்டியதை நானே எடுத்துக்கறேன்" என்றார் அவர். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை பையோடு கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துப் பை திரும்பி வந்தது. கடன் வரவில்லை. பைக்குள் தாய்ப்பத்திரமும் இல்லை. கேட்டதற்கு, "நான் எடுக்கவே இல்லையே" என்ற பதில்தான் கிடைத்தது. சான்றிட்ட நகல் பெற என் தந்தை எத்தனை நாள் கூலியை விட்டு அலைந்தார் என்பதை நான் எண்ணியதில்லை, அம்மா எண்ணியிருக்கிறார்.

இந்தக் கதையை ஏன் கல்லூரி மலரில் எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்கலாம். இந்த ஆண்டு இயங்குதளப் பாடம் படிக்கையில், நூலகக் கணினியில் தேடிப் படித்த ஒரு செய்தி என்னை மீண்டும் அந்தப் பையிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒரு கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உண்டாக்கினால் அது மெய்நிகர் இயந்திரம். உள்ளே குடியிருப்பதை விருந்தாளி என்றும், தாங்கி நிற்கும் கணினியை வீட்டுக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம். விருந்தாளிக்குச் சொந்த வட்டு இல்லை, வலை அட்டையும் இல்லை. வீட்டுக்காரர் காட்டும் பாவனைச் சாதனங்கள்தாம். அவற்றை இயக்கும் மென்பொருளுக்கு ட்ரைவர் என்று பெயர். (நம் ஊரில் ட்ரைவர் என்றால் சேலம் பஸ் ஓட்டுபவர். என் அம்மா வெகுநாள் நான் அதற்குத்தான் படிக்கிறேன் என்று நினைத்திருந்தார்.)

இந்த ட்ரைவர்களுக்கான பொதுவழியே விர்ட்டியோ. ரஸ்ட்டி ரஸ்ஸல் என்பவர் அதைப் பற்றி 2008இல் கட்டுரை எழுதினார். விருந்தாளியும் வீட்டுக்காரரும் பார்க்கக்கூடிய ஒரு வரிசையில், "என் நினைவகத்தில் இந்த முகவரியில் இத்தனை பைட் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று ட்ரைவர் குறிப்பு எழுதி வைக்கும். வீட்டுக்காரர் நேரே உள்ளே போய் எடுத்துக்கொள்வார். வேகமான முறைதான். ஆனால் விருந்தாளியின் நினைவகம் முழுவதும் வீட்டுக்காரருக்குத் திறந்தே கிடக்கிறது. பையோடு கொடுப்பது என்பது இதுதானே!

வீட்டுக்காரரையே நம்ப முடியாதென்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்து காப்புற்ற மெய்நிகர் இயந்திரங்கள் பிறந்தன. ஏஎம்டி நிறுவனம் 2016இல் அறிவித்த முறையில் விருந்தாளியின் நினைவகம் மறையாக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் பொருளற்ற எண்களே தெரியும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல் கூகுள் சேர்த்த பிகேவிஎம் வேறு வழியில் போகிறது. விருந்தாளிக்குக் கொடுத்த பக்கங்களை வீட்டுக்காரரின் பக்க அட்டவணையிலிருந்தே அது நீக்கிவிடுகிறது. கதவுக்கு வெளியே நின்று தட்டத்தான் முடியும்.

கதவைச் சாத்தியாயிற்று. பழைய ட்ரைவரோ இன்னும் உள்ளறை முகவரியையே எழுதி வைக்கிறது. வீட்டுக்காரரால் அதைத் தொட முடியாது, வேலை நின்றுபோகும். ஆகவே ஒரு திண்ணை வேண்டும். நினைவகத்தில் ஒரு பகுதியை மட்டும் இருவருக்கும் பொதுவென்று விருந்தாளியே அறிவிக்கிறது. அனுப்ப வேண்டியதை உள்ளறையிலிருந்து திண்ணைக்கு நகலெடுத்து வைக்கிறது. திண்ணைக்கு வந்ததை உள்ளே நகலெடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் ஸ்விஓடிஎல்பி புதிதாகப் பிறந்ததல்ல. தாழ்ந்த முகவரிகளை மட்டுமே எட்டக்கூடிய பழைய சாதனங்களுக்காக எழுதப்பட்டது; வழக்கமான அளவு 64 மெகாபைட். நடுவீதியில் கிடந்த பழைய திண்ணையைப் புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். "என் நினைவகம் முழுவதையும் நீ எட்ட முடியாது; நான் காட்டும் வழியில் வா" என்பதற்கு விர்ட்டியோவில் 33ஆம் எண் கொண்ட ஓர் அடையாளமும் உண்டு.

நகல் எதற்கு, அந்தப் பக்கத்தையே பொதுவாக்கினால் போதாதா? இந்த இடத்தில் நான் இரண்டு நாள் தவித்தேன். நினைவகம் பக்கம் பக்கமாகத்தான் பொதுவாகும். பெரும்பாலும் ஒரு பக்கம் 4096 பைட். அனுப்ப வேண்டியது நூறு பைட் என்றாலும், அதே பக்கத்தில் கிடக்கும் மற்ற 3996 பைட்டும் வெளியே தெரிந்துவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம்; தாய்ப்பத்திரம் இருக்கலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மரவள்ளிக் கிழங்கு போடும் எங்கள் பக்கத்தார்க்கு இது உடனே விளங்கும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்டில் அளந்துதான் விலை. ஒருமுறை என் தந்தைக்குக் காட்டிய சீட்டில் 28 பாயிண்ட். பணம் எண்ணும்போது அதே சீட்டில் 26. பார்த்ததற்கும் கணக்குப் போட்டதற்கும் நடுவே சீட்டு அவர்கள் கையில் இருந்தது. திண்ணையில் வைத்த எண்ணையும் வீட்டுக்காரர் எந்நேரமும் மாற்றலாம். அதனால் முதலில் உள்ளே நகலெடுத்து, அந்த நகலைச் சோதித்து, அதையே பயன்படுத்த வேண்டும். தான் எழுதிக் கொடுத்த குறிப்புகளுக்கும் ட்ரைவர் தனிப்படி வைத்துக்கொள்ள வேண்டும். திண்ணையை இரண்டாம் முறை படிக்கும் ட்ரைவர் ஏமாறும்.

இவ்வளவையும் ஓர் இரவு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தந்தையிடம் எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: "ஏங்கண்ணு, ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாலும் அந்த ஜெராக்ஸை அவன் படிப்பானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டதுதான் சரி. திண்ணைக்கு வந்தது எதுவும் இரகசியமல்ல. வட்டில் எழுதுவதை மறையாக்கிய பிறகே திண்ணையில் வைக்க வேண்டும். வலையில் அனுப்புவதும் அப்படியே. திண்ணை உள்ளறையைக் காக்கும், தன்னைக் காத்துக்கொள்ளாது. "படிப்பானுங்கப்பா. அதனால புரியாத எழுத்துல எழுதித்தான் வெளிய வைக்கணும்" என்றேன். "அப்படிச் சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுவாரம் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக இருவரும் வாழப்பாடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நகலெடுக்கப் போனோம். பையைக் கடைக்காரரிடம் நீட்டவில்லை அவர். வேண்டிய இரண்டு தாளை மட்டும் என்னை எடுக்கச் சொன்னார். மூடியின் அடியிலிருந்து மூலத்தைத் தாமே எடுத்து, பைக்குள் இருந்தவற்றை ஒருமுறை எண்ணினார். பிறகு பையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.