கடலடியில் ஒரு நிழல்

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக்கடலுக்கு மேலே காணாமல் போனது. 2024 ஜனவரியில்தான் சேதி வந்தது: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடக்கின்றன. காட்டிக்கொடுத்தது பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்கள். வெளிச்சமே எட்டாத இடத்தில் ஒலியைக்கொண்டு எப்படிப் படமெடுக்கிறார்கள் என்று ஒரு சர்வேயர் நண்பரை நச்சரித்தேன். "தூத்துக்குடிக்கு வா, கரையோர வேலை ஒண்ணு நடக்குது" என்றார்.

வாடகைக்கு எடுத்த விசைப்படகு. வலை கிடக்க வேண்டிய பின்தளத்தில் கேபிள் சுருளும் ஜெனரேட்டரும். 'மீன்' என்று படகில் எல்லோரும் சொல்லும் சோனார் கருவி வால் துடுப்போடு கூடிய ஓர் உருளை. அதைத் தண்ணீரில் விட்டு இழுத்துக்கொண்டே போகிறார்கள். 

மீன் இரண்டு பக்கமும் ஒலியை விசிறுகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும்; தரையில் பட்டுத் திரும்பும் ஒலி ஒவ்வொரு வரியாக, தறியில் துணி இறங்குவதுபோல, திரையில் படமாக இறங்குகிறது. பாறையும் இரும்பும் பளிச்சிடும். சேறு மங்கலாக இருக்கும். படகு கொஞ்சம் திரும்பினாலும் படம் கோணிவிடும் என்பதால் டிரைவர் சுக்கானை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

நண்பர் பொருளைப் பார்க்கவே இல்லை, அதன் நிழலைத்தான் பார்த்தார். ஒலி எட்டாத இடம் கறுப்பாக விழும். மீன் தரைக்கு 5 மீட்டர் மேலே போகிறது. நிழல் முடியும் இடம் மீனிலிருந்து 50 மீட்டர் தூரம். நிழலின் நீளம் 10 மீட்டர். அப்படியானால் பொருளின் உயரம் 1 மீட்டர். இவ்வளவும் கணினி சொல்லிவிடும். அது பாறையா, பழைய இரும்பா என்று அடித்துச் சொல்ல ஆள்தான் இறங்க வேண்டும்.

இறங்குகிறவர் ஐம்பது கடந்த சங்குகுளியாள். அவருடைய அப்பா 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் காலில் கல்லைக் கட்டி இறங்கியவர். இவருக்குக் கம்ப்ரசர் காற்றும் ஒரு ரப்பர் குழாயும். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டி மூட்டுகளில் வலி பிடிக்கும். பேசும்போதெல்லாம் தோள்மூட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "சங்குல என்னத்த சார் மிஞ்சுது? முன்பணம் குடுத்தவன் வச்சதுதான் வெல." இவர் எடுக்கும் சங்கு வளையலாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே என்ன விலை என்று இவரிடம் யாரும் சொன்னதில்லை.

சர்வே வேலையிலும் அதே கதைதான். கம்பெனி ஒருவருக்குக் கொடுக்க, அவர் இன்னொருவருக்குக் கைமாற்ற, கடைசியில் ஒரு மேஸ்திரி இவரை நாள்கூலிக்குக் கூட்டி வருகிறார். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பணம் குறையும், கடலில் இறங்கும் ஆபத்து மட்டும் குறையாமல் இவரிடம் வந்து சேரும். அந்த மீனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. இவருக்கு? கேட்டேன். மேஸ்திரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் பார்த்துவிட்டுத் தலை மேலே வந்ததும் குளியாள் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நங்கூரம் சார். பழசு. வல சுத்திக் கெடக்கு, அடியில களவா ரெண்டு நிக்கி." நண்பர் கணினியில் 'இரும்புப் பொருள், உறுதிசெய்யப்பட்டது' என்று பதிந்தார். உறுதிசெய்தவர் பெயருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

"அத எடுத்துக்கலாமா? இரும்புக்கு வெல இருக்கு."

தொடக்கூடாது என்றார் மேஸ்திரி. கூலியும் ரிப்போர்ட் போன பிறகுதானாம்.

"அப்ப நாளைக்கு நான் சங்குக்குப் போறேன்" என்று குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். திரையில் குறித்து வைத்த நிழல்கள் இன்னும் பாக்கி இருந்தன. நண்பர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினார்.