ஜோன் போல் ஜோன்ஸின் இரண்டு வாள்கள்

அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில், தேவாலயத்துக்குக் கீழே ஜோன் போல் ஜோன்ஸின் கல்லறை. அங்கே தங்கப் பிடி போட்ட வாள் ஒன்று இருக்கு. 1779இல் செராபிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பிடித்ததற்காக, அடுத்த வருஷம் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி கொடுத்த பரிசு.

எங்களுக்கு அதைவிட அவருடைய பழைய வாள்தான் யோசனையாக் கிடக்கு.

ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். பிறந்தபோது வெறும் ஜோன் போல். இளம் வயதில் அடிமைக் கப்பல்களில் வேலை செய்து, பிறகு அந்த வியாபாரமே வேண்டாமென்று விலகினவர். 1773இல் பெட்சி என்ற வணிகக் கப்பலின் கப்டனாக டொபாகோவில் நிக்கிறார். மாலுமிகள் சம்பளக் காசு கேட்டினம். அதைச் சரக்கில போட நினைச்சவர் மறுத்திட்டார். பிரச்சினை முற்றி, முன்னுக்கு நின்ற மாலுமியை வாளால் குத்திக் கொன்றார். தற்காப்பு என்றார், ஆனா வழக்குக்கு நிக்காமல் ஓடினார். பிறகு அமெரிக்காவில் 'ஜோன்ஸ்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

1792இல் பாரிஸில் செத்துப் புதைக்கப்பட்டவரின் உடலை 1905இல் தேடித் தோண்டி, போர்க்கப்பல்களோட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் பளிங்குப் பேழை.

அந்த டொபாகோ மாலுமியை, பெஞ்சமின் பிராங்கிளினுக்கு எழுதின கடிதத்தில ஜோன்ஸ் பெயர் சொல்லாமல் 'கலகத் தலைவன்' என்றுதான் குறிப்பிட்டார். அவர் கேட்டது தன்ர சம்பளம்.