மடங்காத விரல்கள்

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, கிளைக்கிராமத்துத் திருப்பலியை முடித்துத் திரும்பும் வழியில் வண்டியிலிருந்து விழுந்தேன். அன்றோடு என் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்க மறுத்துவிட்டன. பீடத்தில் அதனால் பெரிய இடையூறில்லை. ஆனால், குருமட நாள்களிலிருந்து என்னோடு வந்த கிட்டார் ஊமையாயிற்று. தந்தியை அழுத்த விரல் வளைய வேண்டுமே! பாடகர் குழு இளைஞர்கள், "சாமி, ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்கும்போதெல்லாம், நேரமில்லை என்று சொல்லித் தப்பித்தேன். அது பொய் என்பதை அவர்கள் அறியார், நான் அறிவேன்.

சென்ற ஆண்டு புதுக்கோட்டை நகரில் நோயுற்ற ஒரு தாய்க்கு நற்கருணை கொண்டு சென்றேன். வாசலிலேயே ஓர் இசை என்னை நிறுத்திற்று. மனிதக் குரல்போல் குழைந்து நீளும் இசை. உள்ளே அவர் கணவர், கிட்டாரை மடிமீது படுக்க வைத்து, ஓர் எஃகுத் துண்டைத் தந்திகளின்மேல் நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தார். கரக்பூரில் இரயில்வே பணியிலிருந்தபோது கற்றாராம். என் கையை நோக்கிவிட்டு, "சாமி, இதுக்கு விரலை மடக்க வேண்டாம்" என்றார்.

அது ஹவாய் கிட்டார். ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுக்கு என்னும் இளைஞர் இம்முறையை உருவாக்கினார் என்பர். 1940-களில் டாவ் மோ குடும்பத்தார் கல்கத்தாவில் தங்கி இதை வாசித்தனர். வங்காளத்தில் இரவீந்திர சங்கீதமும் திரைப்பாடல்களும் இக்கருவியில் ஒலித்தன. பிரிஜ் பூஷண் காப்ரா இதில் இந்துஸ்தானி இராகங்களை இசைத்தார். விசுவ மோகன் பட் இதைத் திருத்தியமைத்து மோகன வீணையாக்கி, 1994-இல் கிராமி விருது பெற்றார்.

நமக்கு இது அந்நியமுமன்று. திருவிடைமருதூர் சகாராம் ராவ் புகழ்பெறச் செய்த கோட்டுவாத்தியமும் உருளையை நகர்த்தி வாசிப்பதே. இசைக் கல்வெட்டைத் தாங்கிய குடுமியான்மலை நிற்கும் இம்மாவட்டத்தில், கடல் கடந்து வந்த ஓர் இசைக்கு இடமில்லாமற் போகுமா?

மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, அப்பெரியவர் வீட்டில் நால்வர் கூடுவர்: அவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சிறுவயதில் கோட்டுவாத்தியம் பயின்ற ஓர் அம்மையார், கைப்பேசி பழுதுபார்க்கும் ஓர் இளைஞர். ஐந்தாமவனாய் நான் சேர்ந்தேன். என் பழைய கிட்டாரிலேயே ஓர் உலோகத் துண்டைச் செருகித் தந்திகளை உயர்த்தித் தந்தார்கள்.

எளிது என்று எண்ணியிருந்தேன். எஃகுத் துண்டு தந்தியை அழுத்தக் கூடாது. அதன்மேல் அமர்ந்தால் போதும். ஆனால், மயிரிழை விலகினாலும் சுருதி கெடும். சாதாரணக் கிட்டாரில் தவறை மறைக்கக் கட்டைகள் உண்டு. இங்கே அவை வெறும் அடையாளங்களே. காது ஒன்றே வழிகாட்டி. பீடத்திலிருந்து முப்பதாண்டுகள் பிறருக்குப் போதித்த என்னிடம், மகன் வயதுடைய அவ்விளைஞர், "சாமி, இன்னும் கொஞ்சம் மேலே" என்று திருத்துவார். முதல் மாலைகளில் அது உறுத்திற்று. பின்னர் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கினேன்.

ஒரு நாள் பெரியவர் என் இடக்கையைப் பிடித்து வைத்தார். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் எஃகைப் பிடிக்க, மற்ற இரண்டும் நீட்டியபடி அதன் பின்னே தந்திகள்மேல் படுத்துக்கிடக்க வேண்டும். தேவையற்ற அதிர்வை அவை அடக்கும். "எல்லாரும் இந்த ரெண்டு விரலையும் நீட்டி வைக்கத்தான் கஷ்டப்படுவாங்க, உங்களுக்கு அது தானா வந்திருச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு ஆண்டுகளாக நான் சட்டைப் பையில் மறைத்து வந்த விரல்கள் அவை.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவிடம் உண்மையைச் சொன்னேன்: நேரமில்லாமலன்று, இயலாமல்தான் வாசிக்கவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டேன் என்று. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி, "இப்பக் கத்துக்கிட்டதையாவது வாசிங்க சாமி" என்றாள்.

வாசித்தேன். இரண்டிடங்களில் சுருதி பிசகிற்று. மறைக்கவில்லை.