நள்ளிரவில் எழுதப்பட்ட கதை



நெடுநாள்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பள்ளி வேலை மிகுதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் எழுதக் கூச்சமாக இருந்தது. மாணவன் ஒருவனை நான் தவறாக எண்ணிவிட்ட செய்தி இது.

2025ஆம் ஆண்டில் பள்ளி அளவில் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கணினி அறையில் அமர்ந்து, ஒரே அமர்வில் கதையைத் தட்டச்சு செய்து சேமிக்க வேண்டும். ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன், தன் பாட்டியின் பால்வெட்டுக் கத்தியைப் பற்றி எழுதியிருந்தான். இரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும், பாட்டி அந்தக் கத்தியை வாரந்தோறும் தீட்டிவைக்கிறார் என்பதே கதை. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த நடை எப்படி வந்தது என்று வியந்தேன். வியப்போடு நின்றிருக்கலாம். கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். உருவாக்கிய நாள் 1.1.2015 என்றிருந்தது.

அந்நாளில் இவனுக்கு ஒரு வயதுகூட நிரம்பியிராது. இவனுடைய அக்காள் அப்போது எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் இருந்தவள். கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். வேறென்ன வேண்டும் எனக்கு? வகுப்பில் எல்லாரும் கேட்க, “இதை யார் எழுதியது?” என்றேன். “நான்தான் ஐயா” என்றான். மறுபடியும் கேட்டேன். இம்முறை பதில் இல்லை. அவன் கதையைத் தனியே ஒதுக்கிவைத்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சனவரி முதல் நாள் மலாக்காவில் பொது விடுமுறை. பள்ளித் தவணையும் தொடங்கியிராது. போதாக்குறைக்கு, கோப்பில் பதிவாகியிருந்த நேரம் நள்ளிரவு 12.23. அந்நேரத்தில் பூட்டிக் கிடக்கும் கணினி அறைக்குள் யார் உட்கார்ந்து கதை எழுதியிருக்க முடியும்?

மறுநாள் காலையில் அவன் பயன்படுத்திய கணினியை முடுக்கினேன். கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள் தோன்றி, எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லின. அழுத்தினேன். மூலையில் 1.1.2015, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடம். இணைய உலாவியோ, “உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது” என்று சொல்லிப் பக்கத்தைத் திறக்க மறுத்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பத்து ஆண்டு பின்னால் நிற்கும் கணினிக்கு அவையெல்லாம் இன்னும் பிறக்காதவை.

கணினியின் தாய்ப்பலகையில் சிறு படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும். அதுவே ஒரு நொடி. (கணிதப் பாடத்தில் மாணவர்களைச் செய்து பார்க்கச் சொல்லலாம்.) கணினியை அணைத்த பிறகும் சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தால், அந்தச் சிறு மின்னோட்டத்திலேயே கடிகாரம் ஓடும். அதுவும் நின்றால், வெள்ளிக்காசு போன்ற மின்கலம் ஒன்று தாங்கிப் பிடிக்கும். அதன் பெயர் சிஆர் 2032. விட்டம் 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் சொல்கிறது. மின்னழுத்தம் 3 வோல்ட்.

எங்கள் பக்கத்து மாலைநேர இடிமின்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அஞ்சி, கணினி அறையின் மின்சாரத்தை நாள்தோறும் முழுமையாகத் துண்டித்துவிடுவோம். அலுவலகக் கணினியும் அதே வயதுதான். ஆனால் அதன் மின்செருகி எப்போதும் உயிரோடு இருப்பதால் நேரம் பிசகவில்லை. இரண்டையும் ஒப்பிட்டபோதே குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. நேரம் சரியாக எட்டு மணி பிசகினால் நேர வலய அமைப்பை ஐயுறலாம். அணைத்து எழுப்பும்போது மட்டும் பிசகினால் மின்கலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நண்பரிடம் மின்னளவி இரவல் வாங்கி அளந்தேன். 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்றது.

நேரம் காணாமற் போவது எங்களுக்குப் புதிதன்று. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. பிறகு 31.12.1981 இரவு 11.30க்கே நள்ளிரவாகிவிட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். “சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை போலும், பெரட்டுக்குப் போகும்போது முன்னைவிட இருட்டு” என்பார் என் தந்தையார். மலாக்கா நகரில் 1886இல் எழுப்பிய மணிக்கூண்டு இவ்வளவையும் பார்த்துவிட்டு நிற்கிறது. கடிகாரம் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பக் கூடாதென்பதை நான் அப்பாவிடமே கற்றிருக்க வேண்டும்.

சில ரிங்கிட் கொடுத்துப் புதிய மின்கலம் வாங்கினேன். மின்சாரத்தைத் துண்டித்து, உடலின் நிலைமின் போக உலோகத்தைத் தொட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி பொருத்தி, கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய் நாளையும் நேரத்தையும் இட்டேன். அன்று மாலை வழக்கம்போல் மின்சாரம் முழுதும் துண்டிக்கப்பட்டது. மறுநாள் காலை முடுக்கியபோது எஃப் 1 கேட்கவில்லை. நேரம் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது.

பிறகுதான் வகுப்புக்குப் போனேன். எல்லாரும் கேட்கக் குற்றம் சாட்டியவன், எல்லாரும் கேட்கவே மன்னிப்பும் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டேன். அவன் தலையைக் குனிந்தபடியே, “அந்தக் கணினி எப்பவும் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லும் ஐயா. எல்லாக் கணினியும் அப்படித்தான் என்று நினைத்தேன்” என்றான். முதல் நாளே நான் அவனிடம் அதைக் கேட்டிருக்கலாம்.

ஒதுக்கிவைத்த கதையை நடுவர்களிடம் சேர்த்தேன். அறையில் எஃப் 1 கேட்கும் கணினிகள் இன்னும் நான்கு இருந்தன. அடுத்த வாரம் அவற்றின் மின்கலங்களை மாற்றியபோது அவனையும் உடன் அழைத்துக்கொண்டேன். கடைசி இரண்டை அவனே மாற்றினான்; நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.