பேஸ் வாசிச்சவரை எங்கே காணோம்?

காணாமல்போன ஒருத்தரைத் தேடி நியூயார்க் போன கதை இது. பயப்படாதீங்க... போலீஸ் கேஸ் இல்லை, மியூசிக் கேஸ்!

செமஸ்டர் லீவில் நியூஜெர்சியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா ஒரு பழைய இசைத்தட்டுப் பைத்தியம். முதல் நாள் ராத்திரி தூக்கம் வராமல் ஹாலில் முழிச்சுட்டு இருந்தவனைப் பார்த்து, ‘‘வா மாப்ள, இதைக் கேளு’’ என்று ஒரு தட்டைச் சுழலவிட்டார். ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் த சிக்கன் ஷாக்’. 1960 ஏப்ரல் 25-ம் தேதி பதிவு பண்ணினது. அட்டையில் நாய், சேவல் சகிதம் ஹாயாக உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

ஆர்கன் அடிவயிற்றிலிருந்து குமுறுது. அதுக்கு மேலே டெனர் சாக்ஸபோன், நல்ல கட்டைக் குரல் உள்ள ஒருத்தர் நிதானமாப் பேசுற மாதிரி ஏறி வருது. தலை தானா ஆட ஆரம்பிச்சிடுச்சு.

‘‘எத்தனை பேர் வாசிக்கிறாங்க, சொல்லு?’’

எண்ணினேன். ஆர்கன், சாக்ஸ், கிதார், டிரம்ஸ், அடியில் நடந்துக்கிட்டே இருக்கிற பேஸ். ‘‘அஞ்சு.’’

‘‘தப்பு. நாலு!’’ அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஆர்கன் ஜிம்மி ஸ்மித், டெனர் சாக்ஸ் ஸ்டான்லி டரன்டைன், கிதார் கென்னி பரெல், டிரம்ஸ் டொனால்ட் பெய்லி. அவ்ளோதான்!

‘‘அப்ப பேஸ் வாசிச்சவர்?’’

‘‘நாளைக்குத் தேடிப் போவோம்.’’

மறுநாள் காலை, ஹார்லெம். 135-வது தெருவும் ஏழாவது அவென்யூவும் சந்திக்கிற முனை. 1925-லிருந்து 1986 வரை இங்கேதான் ‘ஸ்மால்ஸ் பாரடைஸ்’ என்கிற கிளப் இருந்தது. 1957 நவம்பரில் ஜிம்மி ஸ்மித் இங்கே வாசித்ததை நேரடியாகப் பதிவு செய்து ஆல்பமாகவே போட்டார்கள். இப்போ அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். முதுகில் பையும் காதில் ஹெட்போனுமாக ரெண்டு பசங்க எங்களைத் தாண்டி ஓடினார்கள். ‘எங்க ஸ்கூலை ஏன் இப்படி முறைச்சுப் பார்க்கிறாங்க?’ என்று நினைச்சிருப்பாங்க!

மாமா அங்கேயே நின்று கணக்குப் போட்டார். ‘‘இது பெரிய கிளப். ஆனா ஹார்லெம், நியூவார்க், ஃபிலடெல்ஃபியானு கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏரியாக்கள்ல தெருமுனை பார் நிறைய. சின்ன இடம், சின்ன வருமானம். பெரிய கோஷ்டி வெச்சா கட்டுப்படியாகாது. ஆர்கன்காரர் ஒருத்தர் வந்தா பேஸையும் அவரே பார்த்துப்பார். கூட ஒரு சாக்ஸ், ஒரு டிரம்ஸ். மூணு சம்பளத்துல முழு கச்சேரி!’’

ஆக, கேஸ் முடிஞ்சது. பேஸ் வாசிச்சது ஜிம்மி ஸ்மித்தின் இடது கையும் காலும்!

இங்கே நம்ம எலெக்ட்ரிகல் மூளை முழிச்சுக்கிச்சு. ஹாமண்ட் ஆர்கன் என்பது மரப்பெட்டிக்குள் ஒளிச்சு வெச்ச மெஷின்ஸ் லேப். ஒரு சிங்க்ரனஸ் மோட்டார், அது சுத்துற 91 பல்சக்கரங்கள், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் காந்தமும் காயிலும். சக்கரம் சுத்தினால் காயிலில் மின்சாரம் பிறக்கும். அதான் ஸ்வரம். செகண்ட் இயரில் நாம உருப்போட்ட அதே ஃபாரடே விதி! அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டியை நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சுருதியே இறங்கிடும். ரெண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு 25 பெடல்கள். எடை? பெஞ்ச் எல்லாம் சேர்த்து 180 கிலோவுக்கு மேல. தூக்கிட்டுப் போறவன் பாவம்!

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகள் இதைத்தான் வாங்கின. அதனால் ராத்திரி பாரில் அது ஒலிச்சாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசனை அடிக்கும். ஆர்கன் சபை மாதிரி எழும்ப, டெனர் சாக்ஸ் பிரசங்கம் பண்ணும். சோல்-ஜாஸில் ‘சோல்’ வந்த வழிகளில் இதுவும் ஒண்ணு.

இன்னொரு விஷயம்... கட்டையை அழுத்தும்போது ‘டிக்’குனு ஒரு சத்தம் வரும். ஆரம்பத்தில் அதை ஒரு குறையாத்தான் பார்த்தாங்க. ஜாஸ்காரங்களுக்கோ அந்த ‘டிக்’ தாளம் மாதிரிப் பிடிச்சுப்போச்சு!

மதியம் கார் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் ஏறியது. ஹட்சனைத் தாண்டினால் எங்கிள்வுட் க்ளிஃப்ஸ். ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ இங்கேதான். 1959 வரை பகலில் கண் பரிசோதனை செய்து பிழைச்சவர் அவர். பெற்றோர் வீட்டு ஹாலிலேயே ஜாஸ் பதிவு செய்து, அதே வருஷம் இந்தக் கட்டடத்துக்கு வந்தார். 39 அடி உயரக் கூரை, மரமும் செங்கல்லுமாகக் கட்டினது. அவர் 2016-ல் காலமானார். முன்கூட்டியே சொல்லாமல் போனதால் உள்ளே போகலை. வெளியே நின்று பார்த்தோம். போர்டு, கூட்டம், டிக்கெட்... ம்ஹூம், எதுவும் இல்லை. மரங்கள்தான். கோழிக்கூண்டு ஆல்பம் பிறந்த இடம் இதுதான்னு சொன்னால் நம்பவே முடியாது.

திரும்பும்போது நான் உம்முனு இருந்தேன். எங்க ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுற ஒரே டாபிக், ‘ஏஐ வந்தாச்சு, நமக்கு வேலை இருக்குமா மச்சி?’ தேடி வந்த கதையும் அதுவாகவே இருக்கே! ஒரு மெஷின் வந்துச்சு, ஒருத்தர் சம்பளம் போச்சு. நாளைக்கு நாம டிசைன் பண்ணப்போற பெட்டி யாரை வீட்டுக்கு அனுப்பும்?

மாமாவிடம் கேட்டேன். பதில் சொல்லலை. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தட்டு போட்டார். ‘ஹஸ்லின்’. 1964 ஜனவரியில் அதே ஸ்டுடியோவில் பதிவானது. அதே டரன்டைன், அதே பரெல். ஆர்கன் மட்டும் ஷெர்லி ஸ்காட், டரன்டைனின் அப்போதைய மனைவி. ஃபிலடெல்ஃபியாக்காரர்.

‘‘இப்ப எண்ணு!’’

உஷாராகிட்டேன். ‘‘டிரம்ஸோட நாலு.’’

‘‘தப்பு. அஞ்சு!’’

அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். பேஸ், பாப் க்ரான்ஷா! ஆர்கனில் பேஸ் வாசிக்க வழி இருந்தும், அந்த வேலைக்குத் தனியா ஓர் ஆள். நிஜ பேஸின் தந்தி, நிஜ விரல். ஆர்கனும் மூச்சுவிட்டு, லேசா, இடம்விட்டு வாசிக்குது.

ரெண்டு ஆல்பமும் அருமைதான். ஒண்ணில் பெட்டி ஒருத்தர் வேலையைப் பார்த்தது, இன்னொண்ணில் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது. முடிவெடுத்தது 91 சக்கரமா? இல்லைங்க, சுத்தி இருந்த மனுஷங்க!

ஹெட்போன் இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. ஆனா அட்டையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எண்ணிடுங்க!