பிரிட்ஜுக்கு அப்பால் ஒரு கார்டு

சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு ஜூன், ஜூலையில் மூச்சுவிட நேரமிருக்காது. தோத்தாபுரி மாம்பழ வரத்து நிற்பதற்குள் ஓட்டி முடித்தாக வேண்டும். அங்கே வெப்பநிலையை அளக்கும் கணினிகள் சிலவற்றில் பழைய பிசிஐ கார்டுகள் இன்னமும் உழைக்கின்றன. மதர்போர்டு போய்விட்டால், புதிதாக வருவதில் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் மட்டும்தான். நடுவில் ஒரு பிரிட்ஜ் சிப் வேண்டும். திருப்பதியிலிருந்து போய் நான் செய்துதரும் வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

சிப்பைவிட, அதைத் தேடிப்பிடிக்கும் லினக்ஸ் கர்னல்தான் என்னை வியக்கவைக்கிறது. பிரிட்ஜின் ரெஜிஸ்டர்களில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: இந்தப் பக்கத்து பஸ் (கார்டுகள் இணையும் பாதை), அந்தப் பக்கத்து பஸ், அதற்கும் கீழே கடைசி பஸ். பயாஸ் சரியாக எழுதி வைத்திருந்தால் கர்னல் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால், அப்பால் எத்தனை பஸ் என்று தெரியாத நிலையில் கடைசி எண்ணாகப் பெரிய எண்ணான 255ஐத் தற்காலிகமாகப் போட்டுவிட்டு உள்ளே இறங்கும். இன்னொரு பிரிட்ஜ் வந்தால் அதற்குள்ளும். அடிவரை தேடிவிட்டுத் திரும்பி வரும் வழியில்தான் உண்மையான எண்ணை எழுதும். தெரியாததைத் தெரிந்துகொள்ள இதைவிட நேர்த்தியான வழியை நான் பார்த்ததில்லை.

மெமரிக்கும் பிரிட்ஜில் ஒரு ஜன்னல் உண்டு. கார்டுக்கு 4 கிலோபைட் போதுமென்றாலும் 1 மெகாபைட்டுக்குக் குறைந்து அது திறக்காது.

சிக்கல் வருவது இன்டரப்ட்டில், அதாவது கார்டு சிபியூவைக் கூப்பிடும் சைகையில். பழைய கார்டுகள் ஏ, பி, சி, டி என நான்கு கம்பிகளில் கூப்பிடும். அநேகமாக எல்லாமே ஏ கம்பியைத்தான் பிடிக்கும். ஒரே கம்பியில் நெரியாமலிருக்க 1994இல் வந்த பிரிட்ஜ் விதிநூல் ஒரு கணக்குச் சொன்னது: கம்பியோடு, ஸ்லாட்டைப் பொறுத்து அமையும் டிவைஸ் எண்ணைக் கூட்டி, நான்கு கம்பிக்குள் சுற்ற வேண்டும். டிவைஸ் 1இன் ஏ, பிரிட்ஜைத் தாண்டினால் பி. கர்னல் இன்றைக்கும் இதே கணக்கைத்தான் போடுகிறது. போர்டில் இழுத்த வயர் அதற்கு ஒத்துவராவிட்டால், கார்டு பட்டியலில் தெரியும், டிரைவரும் ஏறும், திரையில் வெப்பநிலை மட்டும் அசையாது.

அப்போது இன்டரப்ட் எண்ணிக்கையைத் திறந்து பார்ப்பேன். அது ஏறாமல் நின்றால் கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லாட்டில் செருகுவேன். டிவைஸ் எண் மாறுவதால் கம்பியும் மாறும். கார்டைத் தூக்கிப்போடும் முன் இதைச் செய்து பாருங்கள் என்று ஆலைக்காரர்களிடம் சொல்லிவருகிறேன். அந்தக் கார்டுகளில் பலவற்றை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.